கேட்டைத் தாண்டாத ஜென்: பெட்ரோல் காரை வீட்டிலேயே மின்சாரமாக்கும் கிட் வாங்கிய கதை

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன், முழுக்கப் படிக்க நேரமில்லாதவர்களுக்காக. மோட்டாருக்கு ஐந்துக்கு நாலரை. கன்ட்ரோலருக்கு நாலு. கூட அனுப்பிய கேபிள், கேபிள் நுனியில் மாட்டுகிற லக், போல்ட் வகையறாவுக்கு ஒன்று, அதுவும் அட்டைப்பெட்டி நன்றாக இருந்ததால். காகிதத்துக்கு, அதாவது ரோட்டில் ஓட்ட வேண்டிய ஒப்புதல் சான்றுக்கு, பூஜ்யம். அந்தப் பூஜ்யம்தான் மற்ற மார்க்கையெல்லாம் தின்றுவிட்டது. எங்கள் வண்டி ஓடுகிறது, சத்தமே இல்லாமல் அருமையாக ஓடுகிறது, ரோட்டில் மட்டும் ஓடக்கூடாது.

வண்டி 2004 மாடல் மாருதி ஜென். அப்பா வேலையில் இருந்தபோது வாங்கியது, பெங்களூர் ராமமூர்த்தி நகர் வீட்டுக்கு வந்த முதல் கார். 993 சிசி, அலுமினிய இன்ஜின், வண்டி மொத்தமே எண்ணூறு கிலோவுக்குள். 2019-ல் ஒரு தடவை, 2024-ல் ஒரு தடவை ஆர்.சி. புதுப்பித்தோம். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகியிருந்தது, அப்பா அதையும் முணுமுணுக்காமல் கட்டினார். அப்புறம் போன வருஷம் சைலன்ஸரில் நீலப் புகை. இன்ஜினின் பிஸ்டன் ரிங் போய்விட்டது, முழுசாகப் பிரித்துப் போட 40,000 ஆகும் என்றார் எங்கள் மர்ஃபி டவுன் மெக்கானிக் அண்ணன். நாற்பதாயிரத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் பொம்மசந்திராவில் ரேவா கார் செய்த ஊரில் வளர்ந்தவன் நான், 2001-க்கு அப்புறம் அந்தக் குட்டி மின்சாரக் கார் அல்சூர் பக்கம் போகும்போதெல்லாம் சைக்கிளை நிறுத்திப் பார்த்தவன். நம்ம ஜென்னையும் ஏன் அப்படி ஆக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. தோன்றியது ஒரு ராத்திரி, செலவானது நாலு லட்சத்து இருபத்து மூவாயிரம்.

கிட் விற்ற கடையின் பெயரைப் போடவில்லை. பாதிப் பணமாவது திரும்பி வருமா என்ற பேச்சு இன்னும் நடக்கிறது. 1,85,000 ரூபாய்க்கு அவர்கள் கொடுத்தது: 72 வோல்ட், 10 கிலோவாட் நிரந்தர காந்த மோட்டார், மோட்டாருக்குப் போகிற கரன்ட்டைக் கூட்டிக் குறைக்கிற, 350 ஆம்பியர் உச்சம் தாங்கும் கன்ட்ரோலர், மிதிக்கிற ஆக்ஸிலரேட்டர், 72-லிருந்து 12 வோல்ட்டுக்கு இறக்கும் கன்வர்ட்டர் (ஆல்டர்னேட்டர் போய்விடுகிறதே, ஹாரனுக்கும் ஹெட்லைட்டுக்கும் யார் கரன்ட் கொடுப்பது), சார்ஜர், பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணிக்கிற போர்டு), ஒரு கான்டாக்டர் (சாவி திருப்பினால் பேட்டரியை இணைக்கிற பெரிய சுவிட்ச்), சின்ன டிஸ்ப்ளே, மோட்டாரைக் கியர்பாக்ஸோடு பொருத்துகிற அடாப்டர் பிளேட், கொஞ்சம் கேபிள். கையேடு என்ற பெயரில் நாலு பக்கம் ஜெராக்ஸ், அதில் மூன்றாம் பக்கம் இரண்டு தடவை. செல்களைத் தனியாக வாங்கினேன், 150 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 24 எண்ணம், 1,58,000. ஒரு செல் 3.2 வோல்ட், இருபத்து நாலைத் தொடராகப் போட்டால் 76.8. மொத்தக் கொள்ளளவு பதினொன்றரை யூனிட்.

இன்ஜினைக் கழற்றியது ஒரு நாள் வேலை, மெக்கானிக் அண்ணன் கொண்டுவந்த கிரேனில் கட்டி மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வெளியே எடுத்துவிட்டோம். பெட்ரோல் டேங்க், ரேடியேட்டர், சைலன்ஸர் எல்லாம் சாயந்திரத்துக்குள். அம்மா அன்றைக்கே காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். அப்பா இன்ஜினைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கோணிப்பையில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே வைத்தோம்.

அப்புறம்தான் அடாப்டர் பிளேட். வீட்டில் வண்டி மாற்றுகிறேன் என்று கிளம்புகிற யாரும் இந்த ஒரு தட்டைப் பற்றி இரண்டு வாரம் யோசித்துவிட்டு அப்புறம் மோட்டாரைப் பற்றி யோசிக்கலாம். இன்ஜின் இருந்த இடத்தில் மோட்டார் உட்கார வேண்டும், மோட்டார் ஷாஃப்டும் கியர்பாக்ஸ் ஷாஃப்டும் ஒரே கோட்டில், தலைமுடி கனம்கூட விலகாமல் நிற்க வேண்டும். இவர்கள் கொடுத்த தட்டைக் கியர்பாக்ஸ் முகத்தில் வைத்தால் இரண்டு ஓட்டை சேர்கிறது, மீதி சேரவே இல்லை. போன் பண்ணினால் “சார், மாருதி தானே, எல்லாம் ஒண்ணுதான், லேசா ஃபைல் போட்டுக்குங்க” என்கிறார்கள். மூன்றாவது போனில்தான் அது மாருதி 800-க்கு வெட்டிய தட்டு என்று ஒப்புக்கொண்டார்கள். மாற்றித் தருகிறோம் என்றார்கள். வரவில்லை.

பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன், தருமபுரிக்காரர், அவரிடம் கியர்பாக்ஸையே தூக்கிக்கொண்டு போனேன். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதை யாரோ கோலம் போட்ட மாதிரி போட்டிருக்கான்” என்றார். புதுசாக 16 மில்லிமீட்டர் அலுமினியத் தட்டு எடுத்து, ஓட்டைகளைக் கியர்பாக்ஸிலிருந்தே குறித்து, தட்டு இம்மியும் நகராமல் நிறுத்துகிற டவல் பின்னுக்கு முதலில் போட்டு, அப்புறம் நடு வட்டத்தைக் கடைந்தார். ஷாஃப்டுகளைச் சேர்க்க ஜே.சி. ரோட்டில் புது கிளட்ச் பிளேட் ஒன்று வாங்கி, அதன் நடுவில் பல் வெட்டியிருக்கிற குடத்தை மட்டும் அறுத்து எடுத்து, மோட்டார் ஷாஃப்டுக்குக் கடைந்த உருளையோடு வெல்டிங் வைத்தோம். நல்ல கிளட்ச் பிளேட்டை அறுக்கும்போது மெக்கானிக் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் முதலில் 0.4 மில்லிமீட்டர் ஆட்டம், மூன்று தடவை பிடித்துக் கடைந்து 0.05-க்குக் கொண்டுவந்தார். எல்லாவற்றுக்கும் சேர்த்து 14,000 வாங்கினார். இந்த மொத்தக் கதையில் கொடுத்த காசுக்கு முழுசாகப் பொருள் வந்த இடம் அந்தப் பட்டறை ஒன்றுதான். ஃப்ளைவீல், கிளட்ச் இரண்டும் இப்போது வண்டியில் இல்லை. இரண்டாவது கியரில் போட்டுவிட்டு மிதித்தால் போதும், மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கொடுக்கும்.

கேபிள் விஷயத்துக்கு வருகிறேன், இங்கேதான் உண்மையிலேயே பயந்தேன். கிட்டில் வந்தது 25 சதுர மில்லிமீட்டர் கேபிள். 350 ஆம்பியர் போகிற இடத்தில் அதைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் கை வைக்க முடியாது. எஸ்.பி. ரோட்டில் தேடி 50 சதுர மில்லிமீட்டர் வாங்கி, லக்கை ஹைட்ராலிக் கிரிம்ப்பரில் அழுத்தி மாற்றினேன் (கடையிலிருந்து வந்த லக் எல்லாம் சுத்தியலில் தட்டியது, இழுத்தால் கையோடு வந்தது). அது பரவாயில்லை. கன்ட்ரோலருக்குள் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கும், காலியாக இருக்கிறபோது அவற்றோடு பேட்டரியைத் திடீரென்று இணைத்தால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். அதனால்தான் முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாக நிரப்பிவிட்டு அப்புறம் கான்டாக்டர் மூட வேண்டும். அந்த ரெசிஸ்டரும் கிட்டில் இல்லை, அதைப் பற்றி ஜெராக்ஸில் ஒரு வரியும் இல்லை. எனக்கும் அப்போது தெரியாது. சாவியைத் திருப்பினேன், படார் என்று ஒரு சத்தம், வண்டி உயிர் பெற்றது, நாங்கள் கை தட்டினோம். சாவியை அணைத்தேன். டிஸ்ப்ளே அணையவில்லை. கான்டாக்டரின் இரண்டு முனையும் உள்ளே வெல்டிங் வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. முன் சக்கரம் ஜாக்கியில் தூக்கியிருந்ததால் தப்பித்தோம், இல்லையென்றால் யாராவது ஆக்ஸிலரேட்டரைத் தொட்டிருந்தால் வண்டி போர்ட்டிகோ தூணில்தான் நின்றிருக்கும்.

24 செல் முழுசாகச் சார்ஜ் ஆனால் 87.6 வோல்ட். நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்கு மேல் போனாலே ஆபத்தான மின்னழுத்தம் என்றுதான் வண்டித் தரநிலைகளில் கணக்கு. அதோடு வீட்டு மின்சாரம் மாதிரி இது நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடாது, பொறி ஒன்று பிடித்தால் தானாக அணையாமல் இழுத்துக்கொண்டே எரியும். வீட்டு எம்.சி.பி. ட்ரிப் சுவிட்சை இதில் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: போடாதீர்கள். நேர்மின்சாரத்துக்கென்றே செய்த ஃப்யூஸ், கையால் இழுத்துத் துண்டிக்கிற ஒரு சுவிட்ச், இரண்டும் வாங்கினேன். இவை கிட்டிலேயே இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் புகார். 1,85,000 வாங்குகிறவர்களுக்குச் சில நூறு ரூபாய் ரெசிஸ்டர் ஒரு செலவா?

பிரேக் இன்னொரு மறதி. மிதி லேசாக இருப்பதற்குக் காரணம் பூஸ்டர், பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் இன்ஜின் உறிஞ்சுகிற காற்றிலிருந்து வந்துகொண்டிருந்தது. இன்ஜின் இல்லை, வெற்றிடமும் இல்லை, மிதி கருங்கல் மாதிரி ஆகிவிட்டது. மின்சார வேக்யூம் பம்ப், அதற்கு ஒரு சின்ன டப்பா, சுவிட்ச், 11,000. இது கிட்டில் சேராது, தனி ஆக்சஸரி என்றார்கள். பிரேக் ஆக்சஸரியாம்.

செல்கள் விஷயத்தில் எனக்குப் புகார் இல்லை. எல்லாவற்றையும் பக்கவாட்டில் இணைத்து 3.65 வோல்ட் வரை சமமாக ஏற்றிவிட்டு, அப்புறம் தொடராகக் கட்டினோம். முன்னால் 12, டிக்கியில் 12, எடை இரண்டு பக்கமும் பிரிகிற மாதிரி. சார்ஜர் 25 ஆம்பியர் ஏற்றுகிறது, சாதாரண 15 ஆம்பியர் பிளக்கே போதும், ஆறு மணி நேரத்தில் நிறைந்துவிடுகிறது. ஆனால் டிஸ்ப்ளே காட்டுகிற சதவீதத்தை நம்பாதீர்கள். இந்த வகை செல்லில் 80 சதவீதம் இருந்தாலும் 30 இருந்தாலும் வோல்ட் கிட்டத்தட்ட அதேதான், வோல்ட்டைப் பார்த்துச் சதவீதம் சொல்கிற டிஸ்ப்ளே வெகுநேரம் “நிறைய இருக்கு” என்று சொல்லிவிட்டுத் திடீரென்று கையை விரித்துவிடும். போகிற வருகிற ஆம்பியரை எண்ணுகிற ஷன்ட் மீட்டர் தனியாகப் போட்டேன்.

இனி ஓட்டம். லேத் அண்ணன் பட்டறை ஒரு பழைய தொழிற்சாலை வளாகத்துக்குள் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலி, செக்யூரிட்டி தாத்தாவைத் தவிர யாரும் இல்லை. வண்டியை டோயிங் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே விட்டோம். ஒரு சுற்று 420 மீட்டர். 95 சுற்று ஓட்டினேன், அதாவது 39.9 கிலோமீட்டர். தாத்தா முதல் பத்துச் சுற்றுவரை கேட்டில் நின்று பார்த்தார், அப்புறம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். 41 ஆம்பியர்-மணி செலவாகியிருந்தது, கிலோமீட்டருக்கு 79 வாட்-மணி. பேட்டரியை 85 சதவீதம்வரை பயன்படுத்தினால் 124 கிலோமீட்டர். இது முப்பதுக்கு மேல் போகாமல் ஓட்டியது. ஹெப்பால் மேம்பாலம் ஏறி இறங்கி, சிக்னல் சிக்னலாக நின்று, அறுபதில் போனால் 90, 95 வந்தால் பெரிது. கடைக்காரர் சொன்னது 150.

ஓட்டுவதற்கு எப்படி இருக்கிறது என்றால், நான் எழுதுவதை விட்டுவிட்டு இன்னொரு சுற்று போகத் தோன்றுகிற அளவுக்கு இருக்கிறது. கால் வைத்தவுடன் கிளம்புகிறது, நடுக்கம் கிடையாது. இருபது வருஷமாக இன்ஜின் சத்தத்தில் மறைந்திருந்த டேஷ்போர்டு கிறீச், பின்கதவு டக் டக், கியர்பாக்ஸின் உய்ய்ங் எல்லாம் இப்போதுதான் கேட்கின்றன. காலை எடுத்தால் மோட்டார் தானே பிடித்து பேட்டரிக்கு கொஞ்சம் கரன்ட் திருப்பி அனுப்புகிறது, அந்த அளவைக் கன்ட்ரோலரில் கூட்டிக் குறைக்கலாம், அதற்குத்தான் நாலு மார்க். ஒரே ஒரு கூத்து. கியர்பாக்ஸில் ரிவர்ஸ் கியர் இருக்கிறது, கிட்டில் மோட்டாரைத் திருப்பிச் சுற்றவைக்கிற ரிவர்ஸ் சுவிட்சும் இருக்கிறது. அப்பா இரண்டையும் போட்டுவிட்டுப் பின்னால் கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி மிதித்தார். வண்டி முன்னால் போய்க் கொய்யா மரத்தில் நின்றது. அன்றைக்கே அந்த சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டேன்.

ஏசி போய்விட்டது, அதைத் திரும்பக் கொண்டுவர மின்சார கம்ப்ரஸர் வேண்டும், நான் அந்தப் பக்கமே போகவில்லை. பெங்களூரில் ஏசி இல்லாமல் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது முன்கண்ணாடி. இன்ஜின் சூட்டில்தான் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது ஜூலைத் தூறலில் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்தால் துணிதான்.

சரி, காகிதம். வாங்கும்போது “அப்ரூவல் இருக்கா?” என்று கேட்டேன். “ஏ.ஆர்.ஏ.ஐ. அப்ரூவ்டு சார்” என்று, புனேயில் வண்டிகளைச் சோதிக்கிற நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, ஒரு லேமினேட் தாளைக் காட்டினார்கள். புனேவின் பெயர், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது, நானும் போட்டோ எடுத்துக்கொண்டேன். வண்டி ஓட ஆரம்பித்த பிறகுதான் அதை நிதானமாகப் படித்தேன். அது மோட்டாருக்கான சோதனை அறிக்கை. கிட்டுக்கு இல்லை, ஜென்னுக்கு அறவே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி வண்டியின் எரிபொருளை மாற்றுவதென்றால் விதிப்படி ஒப்புதல் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும், பேட்டரிக்கு மாற்றுவதும் அதில் அடக்கம். பெட்ரோல், டீசல் வண்டியை முழு மின்சாரமாக்கும் கிட்டை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ். 123, மூன்றாம் பாகம் என்று ஒரு தரநிலையே இருக்கிறது. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட் மாதிரியான சோதனை நிலையங்களில் கிட்டை வண்டியில் மாட்டிச் சோதித்து, இன்ன வண்டிக்கு இந்தக் கிட் என்று சான்று வாங்க வேண்டும். அதை மாட்டுகிறவரும் அந்தக் கம்பெனி அங்கீகரித்த ஆளாக இருக்க வேண்டும். அப்புறம் ஆர்.டி.ஓ.வில் காட்டி ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றத்தை ஏற்ற வேண்டும், பச்சை நம்பர் பிளேட் அதற்குப் பிறகுதான். போர்ட்டிகோவில் நானும் மெக்கானிக் அண்ணனும் மாட்டியது இதில் எந்தப் படியிலும் உட்காராது.

ஆர்.டி.ஓ.வுக்குப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். படங்களை ஆர்வமாகப் பார்த்தார், ரேஞ்ச் எவ்வளவு என்றுகூடக் கேட்டார். கடைசியில் “கிட் சர்ட்டிபிகேட் எல்லி சார்?” என்றார், எங்கே என்று கன்னடத்தில். லேமினேட் தாளைக் காட்டினேன். சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இன்ஷூரன்ஸ் ஏஜென்டிடம் கேட்டேன், ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கும்வரை இந்த வண்டி யார் மேலாவது இடித்தால் ஒரு பைசா எதிர்பார்க்காதீர்கள் என்றார். ரோட்டில் எடுக்கிற ஆசை அத்தோடு போயிற்று. கடையில் கேட்டால் “ஜென்னுக்கு அப்ளை பண்ணியிருக்கோம், அடுத்த மாசம் வந்துடும்” என்கிறார்கள், இது நாலாவது அடுத்த மாசம்.

ஆகவே, வாங்கலாமா? மோட்டாரும் கன்ட்ரோலரும் மட்டும் தனியாகக் கிடைத்தால், தோட்டத்துக்குள் ஓட்டுகிற வண்டிக்கோ காலேஜ் புராஜெக்டுக்கோ தாராளமாக வாங்குங்கள், நல்ல சரக்கு. ரோட்டில் ஓட்ட வேண்டுமென்றால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் வண்டியின் மாடல் பெயர் அச்சிட்ட கிட் சான்றைக் கையில் வாங்கிப் படியுங்கள், லேமினேஷனைப் பார்த்து மயங்காதீர்கள், வீட்டில் மாட்டுகிற ஆசையையும் விட்டுவிடுங்கள். காசுக் கணக்கு போட்டுத்தான் இறங்கினேன்: தினம் 40 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி, லிட்டருக்குப் பதினாலு, ஆக ஒரு நாளைக்கு 290 ரூபாய்க்குக் குறையாது. கரன்ட் என்றால் ஐந்து யூனிட், முப்பத்தைந்து ரூபாய்க்குள். மாதம் 25 நாள் என்று வைத்தால் போட்ட நாலே கால் லட்சம் ஐந்தரை வருஷத்தில் திரும்பும். அது ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு. பீன்யாவில் 420 மீட்டர் சுற்றுகிற வண்டிக்கு டோயிங் லாரி வாடகைதான் பெட்ரோல். டியாகோ மின்சாரக் கார் 2022-ல் வந்தபோது ஆரம்ப விலை எட்டரை லட்சம், அதில் பாதியை நான் இதில் போட்டுவிட்டேன் என்று என் மனைவி ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

அப்பா மட்டும் எதுவும் சொல்லவில்லை. மாசம் ஒரு தடவை மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து கோணிப்பையைப் பிரித்து, பழைய பனியனில் எண்ணெய் தொட்டு அந்த இன்ஜினைத் துடைக்கிறார். ஸ்பார்க் பிளக் ஓட்டைகளில் துணி அடைத்து வைத்திருக்கிறார், தூசி போகாமல். போன வாரம் துடைத்துக்கொண்டே, “ரிங் செட் ஜே.சி. ரோட்ல இப்பவும் கிடைக்குதாமே?” என்று கேட்டார்.